ஊதச் சொன்னவர்

“மூக்கைத் தொடுங்க சித்தப்பா. இப்ப என் விரலைத் தொடுங்க.”

அவர் விரல் என் விரலைத் தாண்டிப் போய்க் காற்றில் ஆடியது. திரும்பும்போது மூக்குக்குப் பதிலாகக் கன்னத்தில் இடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிசியோதெரபி பார்க்கிறவள் அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

பதினோரு வருடங்களுக்கு முன், பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமந்து வந்த என் அப்பா தணிகாசலம் தெருமுனையில் தள்ளாடினார். ஊர் பார்க்க, “ஊதுண்ணா” என்று அவர் வாயருகே மூக்கை நீட்டியவர் இந்த ஆனந்தராஜ் சித்தப்பா. வாடையே இல்லை. ஆனாலும், “விரதத்துல குடிச்சிட்டு, பாக்கு போட்டு மறைச்சுக்கினு வந்திருக்காரு” என்று சொல்லி அப்பாவைப் பல்லக்குத் தண்டிலிருந்து விலக்கினார். தண்டு தூக்கும் அந்த உரிமையையும் தானே எடுத்துக்கொண்டார். சொட்டுக்கூடத் தொடாத மனுஷன், குடிகாரன் என்ற பெயரோடு சுடுகாட்டுக்குப் போனார்.

போன வாரம் அதே தண்டின் கீழ் சித்தப்பாவின் கால் பின்னியது. பல்லக்குக்காரர்களின் தலைவர் வெங்கடேசன் அவரையும் ஊதச் சொல்லியிருக்கிறார். தன் வினை தன்னைச் சுடும்.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்ததை அவருக்கு விளக்கினேன். “சிறுமூளையில பெரிய செல்லுங்க இருக்குது. கை எங்க போவுதுன்னு அதுக்குச் சேதி வந்துக்கினே இருக்கும். ‘போதும், நில்லு’ன்னு அது திருப்பிச் சொல்லும். கரையையும் உடலையும் ரெண்டு பேரா நெய்யுற கோர்வைப் புடவையில கரை நாடா விடுறவரும் உடல் நெய்யறவரும் ஒத்துப் போகலன்னா கரை சேராதில்ல, அதுமாரி. உங்களுக்கு அந்த செல்லுங்க செத்துக்கினு வருது. குடும்பத்துல வர்றது. எங்கப்பாவுக்கும் இதுதான்.”

“தெரியும் ஜெயப்ரியா.”

“எப்பத்துல இருந்து?”

“அப்பவே. அதுக்கு முன்னாடியே அண்ணனை மெட்ராஸ்ல காட்டினப்ப டாக்டர் என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாரு. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன்மா. வம்ச வியாதின்னா எவன் கட்டுவான்? குடின்னா ஒரு ஆளோட போயிடும். அண்ணன்கிட்டயே சொல்லல.”

தன் கால் ஏன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரியாமலே அப்பா செத்திருக்கிறார்.

“சாயங்காலம் மண்டபத்துல கேப்பாங்க. மூட்டு வலின்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா. வெள்ளிக்கிழமை பெரியவ திரிஷாவுக்கு நிச்சயம்.”

“சீட்டு எதுக்கு? நானே வந்து சொல்றேன்” என்றேன்.

சாயங்காலம் பல்லக்கு மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சித்தப்பா என்னை நம்பிக்கையோடு பார்த்தார். டாக்டர் எழுதியதை உரக்கப் படித்தேன். பரம்பரை நோய் என்ற வார்த்தையை இரண்டு முறை படித்தேன்.

“எங்கப்பா குடிக்கல. அது இவருக்கு அப்பவே தெரியும்.”

அன்று அப்பாவைக் குடிகாரன் என்று நம்பிய வெங்கடேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சித்தப்பா தூணைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். ஒருவரும் கைகொடுக்கவில்லை. பதினோரு வருடம் நான் காத்திருந்தது இதற்காகத்தான். நெஞ்சு குளிர்ந்தது.

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த திரிஷாவைப் பார்த்தேன். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அப்படின்னா எனக்குமாக்கா?”

தினமும் கண்ணாடி முன் நான் செய்து பார்த்துக்கொள்வதைத்தான் அவளையும் செய்யச் சொன்னேன். என் விரலை நீட்டினேன். அவள் தன் மூக்கைத் தொட்டுவிட்டு, மெல்ல என் விரலை நோக்கி வந்தாள்.

நடுங்கியது யார் விரல் என்று எனக்குத் தெரியவில்லை.