மஞ்சள் துணி கட்டிய புதர்

ஓடைக்கரைக்கு வந்த வஞ்சுளவல்லி சட்டென்று நின்றாள்.

அய்யனார் கோவில் பாதையோரம், பாறைக்கும் ஈரமணலுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் நின்ற புதர், மஞ்சள் துணிகளின் பாரத்தில் கூனிப்போயிருந்தது. நடுவே ஒரு மரத்தொட்டில் வேறு! ஒரு கொப்பு முறிந்து தொங்கியது.

ராஜபாளையத்துக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் அவள். மலையடிவாரம் முழுக்க அலைந்தும் இந்த இனத்தில் இந்த ஒரே புதரைத்தான் கண்டிருந்தாள். ஆண்டுதோறும் விதை உதிர்க்கும். முளை தலைகாட்டியதும் ஆடு மேய்ந்துவிடும். இது பட்டுப்போனால் அத்தோடு வம்சம் முடிந்தது.

புரட்டாசியில் பாதையை அகலப்படுத்த ஆள் வருகிறார்கள் என்றதும், அரிவாள் படாமலிருக்கத் தன் மஞ்சள் பையைக் கிழித்து அடையாளம் கட்டினாள். பரீட்சை வேலை முடிந்து கார்த்திகையில்தான் திரும்ப முடிந்தது. அதற்குள் ஊர் அதைச் சாமியாக்கிவிட்டது!

பரபரவென்று ஒரு முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏட்டி! நேர்த்தித் துணிய அவுக்க நீ யாரு?" ஆடு மேய்க்கும் பிச்சையம்மாள் கம்போடு ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "டீச்சரா! நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"அக்கா, முதல் துணி நான் கட்டுனது. செடிய வெட்டிரக் கூடாதுன்னு."

"கட்டுனது நீங்க. கட்ட வச்சது யாரு? இந்தத் தொட்டிலக் கட்டுன பொறவுதான் எம் மருமவ முழுகாம இருக்கா."

வஞ்சுளவல்லி முடிச்சை விட்டாள். முறிந்த கொப்பைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடியில் பச்சைப் பசேலென்று அதே புதரின் கன்றுகள்! நாலு இலை விட்டு நின்றன.

"உங்க ஆடு இங்க வரலையா?"

"சாமி செடியில வாய வைக்க விடுவனா? கிழக்காம திருப்பிருவேன். அம்புட்டுத் தூரம் சுத்தி என் காலுதான் போச்சு."

வேண்டாம் என்று சொல்ல வந்த வாய் மாறியது. "நல்லாக் கும்பிடுங்க அக்கா. ஆனா பாரம் தாங்காம கொப்பு ஒடியுது. சுத்திக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவோம். துணியெல்லாம் அதுல இருக்கட்டும்."

பிச்சையம்மாள் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். தன் தொட்டிலைத் தானே அவிழ்த்தாள். "எம்புட்டுத் தள்ளிக் கம்பு நடணும்?"

வஞ்சுளவல்லி கன்றுகளைத் தாண்டி, வெற்று மணலையும் தாண்டி, ஓடைத் தண்ணீர் வரை நடந்து நின்றாள்.

"இதுவரைக்கும்."

"ஆத்தாடி! ஒரு செடிக்கு இம்புட்டு இடமா?"

"வரப்போறது ஒண்ணா ரெண்டா?"