கேப்டன் ஆகாதவர்

சோரியாங்குப்பத்தில் ஆதிமூலத்தைப் ‘பிளேன்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவருடைய அப்பா கலியன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சேர்த்ததையெல்லாம் மகனை மெட்ராஸில் விமானம் ஓட்டப் படிக்கவைத்தே தீர்த்தார். படித்து முடித்ததும் கல்கத்தாவில் ஒரு சின்ன சரக்கு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கௌஹாத்தியிலிருந்து டக்கோட்டா விமானத்தில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், மலைக் கிராமங்களுக்கு மேலே தாழப் பறந்து தள்ளிவிட்டு வரவேண்டும். இடப்பக்க இருக்கையில் கேப்டன் உட்காருவார். வலப்பக்கத்தில் இணை விமானியாக ஆதிமூலம்.

அந்தக் கம்பெனிக்கு வந்த எவனும் அங்கேயே இருந்துவிட வந்தவனில்லை. கொஞ்ச காலம் பறந்து அனுபவம் சேர்த்துக்கொண்டு, லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் விமானம் விடுகிற பெரிய கம்பெனிக்குத் தாவிவிட வேண்டும். ஆதிமூலத்தோடு படித்து, அவரோடு சேர்ந்தே வேலைக்கு வந்த ராஜாமணிக்கும் அதே கனவுதான். ராஜாமணியின் ஊர் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் இருந்தது. கோடையில் நடந்தே போய்விடலாம். ஆனால் அக்கரை தென்னாற்காடு ஜில்லா, இக்கரை புதுச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சுச் சீமை.

ஐம்பத்து நாலாம் வருஷம் பாகூரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. மறுவருஷம் நண்பர்கள் இருவரும் பெரிய கம்பெனியின் தேர்வுக்குப் போனார்கள். இருவருமே தேறினார்கள். ராஜாமணியை எடுத்துக்கொண்டார்கள். ஆதிமூலத்திடம், இந்தியப் பிரஜை என்பதற்குச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அவர் ஊர் நிர்வாகம் நடக்கும் பாகூர் கொம்யூன் ஆபீசுக்குப் போய் நின்றார்.

“ஆட்சிதான் கை மாறியிருக்குது” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. “பாரீசுல பார்லிமென்ட்டு ஒத்துக்கினாதான் நீங்க இந்தியர். அதுவரைக்கும் பிரெஞ்சுப் பிரஜைதான்.”

“எப்ப ஒத்துக்குவாங்க?”

“அடுத்த வருஷம் ஆயிடும்னு பேசிக்கிறாங்க.”

அடுத்த வருஷம் டில்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. பாரீஸ் அசையவில்லை. அதற்கடுத்த வருஷமும் அதே பேச்சுதான்.

ஐம்பத்தேழில் சின்ன கம்பெனியின் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, கேப்டன் ஆக்குவதாகச் சொன்னார். ஆனால் ஐந்து வருஷத்துக்கு வேறு எங்கும் போவதில்லை என்று பாண்டு எழுதித் தரவேண்டும். கேப்டன்களுக்குக் கௌஹாத்தியில் குடும்பத்தோடு இருக்க வீடு உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஆதிமூலம் லீவில் ஊருக்கு வந்தார்.

மனைவி தனக்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமான நாளாக அவள் மாமனார் வீட்டில்தான் இருந்தாள். புருஷனோடு இருந்ததெல்லாம் லீவு நாட்கள் மட்டுமே.

“எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாதே” என்றாள். “கடைக்குப் போனா இன்னா பண்ணுவேன்?”

“கத்துக்கலாம்.”

“அப்ப போறோமா?”

“ராஜாமணி வர்றான். அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

ராஜாமணி அந்த வாரமே ஆற்றைக் கடந்து வந்தான். கெய்ரோவில் வாங்கிய கைக்கடிகாரம் கட்டியிருந்தான். தனக்கொடி வைத்த மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாண்டு விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

“இன்னாடா பைத்தியமா நீ? அஞ்சு வருஷம் மூட்டை தள்ளப்போறியா? அடுத்த வருஷம் ஜெட்டுக்கு ஆர்டர் குடுக்கப்போறாங்க. ஆள் பத்தாம அலைவாங்க. உன் பிரஜை சமாச்சாரம் முடிஞ்ச அன்னிக்கே உன்னை இஸ்துக்கினு போறேன். அப்ப பாண்டு இருந்தா இன்னா பண்ணுவே?”

“அது முடியலேன்னா?”

“முடியாம எங்க போவுது? நான் சொல்றேன் கேளு, கையெழுத்து மட்டும் போட்டுடாத.”

தனக்கொடி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜாமணியை அனுப்பிவிட்டுத் திரும்பிய ஆதிமூலம் அவள் முகத்தைப் பார்க்காமலே, “ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்க” என்றார்.

மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பாண்டு எழுதிக் கொடுத்துக் கேப்டன் ஆனார்கள். ஆதிமூலம் வலப்பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொரு லீவிலும் தனக்கொடி, “பாரீசுல எதுனா சொன்னாங்களா?” என்று கேட்பாள். பிறகு அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள். பிரான்சில் பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் காத்தவராயன், இருவரையும் அங்கே வந்துவிடும்படி எழுதிக்கொண்டே இருந்தான். இந்திய லைசென்சை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது என்பார் ஆதிமூலம். பேச்சு அதோடு நின்றுவிடும்.

கடைசியில் அறுபத்திரண்டு ஆகஸ்டில் பாரீஸ் ஒத்துக்கொண்டது. பாகூரில் வெடி போட்டார்கள். ஆதிமூலத்துக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பெரிய கம்பெனி வழக்கமாக எடுக்கும் வயதைத் தாண்டிவிட்டார். ஆனாலும் அவருடைய அனுபவத்தைப் பார்த்து நேர்காணலுக்கு பம்பாய் வரச் சொன்னார்கள்.

அறைக்குள் மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். ஓரமாக இருந்தவன் ராஜாமணி. ஜெட் விமானத்தின் கேப்டன். தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளவில்லை. அது முறைதான் என்று ஆதிமூலமும் பேசாமல் உட்கார்ந்தார். வானிலை பற்றிக் கேட்டார்கள், எஞ்சின் பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னார். நடுவில் இருந்த பெரியவர் தலையாட்டினார். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது ராஜாமணி ஆங்கிலத்தில் கேட்டான்.

“இத்தனை வருஷம் பறந்திருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி ஏன் உங்களைக் கேப்டன் ஆக்கவில்லை?”

ஆதிமூலம் அவனையே பார்த்தார். அவன் குனிந்து பென்சிலைத் திருப்பிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“சந்தர்ப்பம் அமையவில்லை” என்றார்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ராஜாமணி வராந்தாவுக்கு ஓடி வந்தான். “தப்பா எடுத்துக்காதடா. நான் கேக்கலேன்னா வேற எவனாவது கேட்டிருப்பான். கூட்டாளின்னு விட்டுட்டேன்னு நாளைக்கு என்மேல பேச்சு வரும்.”

“பதில் உனக்குத் தெரியும்.”

“அத நான் எப்டிடா அங்க சொல்றது?”

“நானும் அதான் சொல்லல” என்றார் ஆதிமூலம். அவன் நீட்டிய கையைக் கவனிக்காதவர்போல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது தனக்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“பிரெஞ்சுப் பிரஜையாவே இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாமாம்” என்றாள். “நான் போன வாரமே புதுச்சேரிக்குப் போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். அண்ணன் டிக்கெட்டு எடுத்து அனுப்பறேன்னு சொல்லுது.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கலியே.”

“நீங்க உங்க கூட்டாளியக் கேட்டீங்க, பாரீசக் கேட்டீங்க. என்னை எப்ப கேட்டீங்க?”

அவர் சுவரைப் பார்த்தார். “நானும் எழுதிக் குடுத்தா?” என்றார்.

“குடுங்க. வேணாம்னு சொல்லல.” கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, “ஆனா எனக்காகன்னு குடுக்காதீங்க. அங்க வந்து பொழப்பு இல்லாம உக்காந்துக்கினு, உன்னாலதான்னு சொல்லுவீங்க. அத என்னால கேக்க முடியாது” என்றாள்.

அப்படிச் சொல்லமாட்டேன் என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை. எழுதிக் கொடுக்கவும் இல்லை.

மழைக்காலத்தில் அவளைக் கடலூரில் ரயிலேற்றிவிட்டார். பம்பாயில் கப்பல். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, தண்ணீர்க் கூஜாவை உள்ளே நீட்டினார். வாங்கிக்கொண்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி இருவருமே சொல்லிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தபோது அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாளவில்லை.

சீன எல்லையில் சண்டை மூண்டிருந்த சமயம். கௌஹாத்திக்குத் திரும்பியபோது ஓடுதளத்தின் ஓரமெல்லாம் மூட்டைகள் குவிந்திருந்தன. அன்றைக்கு அவருக்குக் கேப்டனாக வந்தவன் அவரிடமே வேலை கற்றவன். இடப்பக்கத்தில் உட்கார்ந்து இருக்கை வாரைக் கட்டிக்கொண்டே, “சார், இன்றைக்கு நீங்களே கிளப்புகிறீர்களா?” என்று மரியாதையாகக் கேட்டான்.

“வேண்டாம்” என்றார் ஆதிமூலம். “உன் வேலையை நீ செய்.”