தொண்ணூறு ரூபாய் நிசப்தம்

ராகலை பஜாரில் நிசப்தத்தின் விலை தொண்ணூறு ரூபாய். கொஞ்சம் மட்டமான நிசப்தம் போதுமென்றால் முப்பதுக்கும் கிடைத்தது. இரண்டையும் வைக்கோல் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஜமால்தீன் முதலாளி மூன்று மணி பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை மடியில் வைத்தார், காலடியில் வைத்தார், பக்கத்து ஆள் முட்டைக்கோவா மூட்டையை நகர்த்தியதும் மறுபடி மடிக்கு எடுத்தார். முப்பது வருடமாக ஆணியும் அரிக்கன் லாம்பும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும், லைசன்ஸ் எடுத்துத் தோட்டாவும் விற்றவர். சத்தம் போடுகிற சாமான்களை விற்றுத்தான் அவருக்குப் பழக்கம். சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற சாமானை விற்பது இதுதான் முதல் தடவை. போதாக்குறைக்குச் சாமானை அனுப்பிய கொழும்புக் கடைக்காரன் கடிதத்தின் அடியில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தான்: சுட்டுப் பார்த்த சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.

சாமானைக் கேட்டிருந்தவர் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை. மாலைத் தேநீர் முடிந்ததும் பங்களாப் புல்வெளியில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, ஒரு சிறு துப்பாக்கியால் பலகையில் குறி பார்த்துச் சுடுவது அவருடைய வழக்கம். அடுத்த மாதம் நுவரெலியா கிளப்பில் போட்டி. ஆனால் துரைசாணிக்கு ஒற்றைத் தலைவலி. ஒவ்வொரு வெடியும் தன் நெற்றியில்தான் இறங்குகிறது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். துரை அரசாங்கக் கச்சேரியில் அனுமதிக் கடிதம் வாங்கி, குழல் வாயில் திருகி மாட்டும் சைலன்சர் ஒன்று வேண்டுமென்று ஜமால்தீனுக்கு ஆள் அனுப்பினார். ஜமால்தீன் இரண்டு வரவழைத்தார். ஒன்று முழ நீளம், மற்றது சாண் அளவு. சின்னதைக் காட்டிப் பெரியதை விற்பது என்பது அவருடைய கணக்கு. சின்னதைச் சுடவே விடக்கூடாது. பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

பலகை நின்ற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். புல்வெளியின் கோடியில் ஒரு மண்மேடு. பலகை அதில் சாய்ந்திருக்கும். மேட்டின் தலையில், தொழிலாளர் குடியிருக்கும் பணிய லயத்திலிருந்து பஜாருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில்தான் வேலாயி தினமும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாட்டைக் கறந்து, ஜமால்தீன் கடைக்குப் பால் கொண்டு வருவாள். தினமும் பிந்தித்தான் வருவாள். வழியில் பீலியில் வடியும் தண்ணீரைப் பாலில் சேர்க்க நேரம் பிடிக்கிறது போல என்று அவர் ஒருநாள் குத்திக் காட்டியதற்கு, அவள் சொன்ன காரணம் அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

"தொர அஞ்சு போடணும்ங்க மொதலாளி. அஞ்சாவது கேட்டப்பறம் எந்திரிச்சுப் பலகையில ஓட்ட எண்ணப் போவாரு. அந்த நேரம் பாத்து நாங்க தாண்டிருவோம். ரெண்டாவதுல வந்து சேந்தா, மிச்ச மூணுக்கும் சவுக்கு மரத்தடியிலதான் நிக்கணும்."

யார் வகுத்த சட்டம் என்று கேட்டார். யாரும் வகுக்கவில்லையாம். காது இருக்கிறது, எண்ணத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றாள். நல்ல சாக்கு என்று நினைத்து, பிந்திய பாலுக்கு அவர் ஒரு சதம் பிடித்துக்கொண்டார்.

பங்களாவில் துரை பாயில் தயாராகப் படுத்திருந்தார். ஜமால்தீனுக்கு ஒரு நாற்காலியும் பூப்போட்ட கோப்பையில் தேநீரும் வந்தன. துரைமார் தமிழ் படிக்கும் புத்தகத்தில் மரியாதைப் பன்மைக்குப் பக்கம் ஒதுக்கவில்லை. அதனால் துரை எல்லோரிடமும் ஒரே மாதிரித்தான் பேசுவார்.

"ஜமால்தீன், பெரிசை முதல்ல குடு. நான் சுடுறேன், நீ கேளு."

பெரியதை மாட்டினார். சுட்டார். வெற்றிலை துப்பிய அளவுகூடச் சத்தம் இல்லை. பலகை மட்டும் 'டிக்' என்றது. துரைசாணி ஜன்னலைத் திறந்து, ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டாள். ஜமால்தீனின் மனதில் தொண்ணூறு ரூபாய் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது.

அப்போதுதான் மேட்டின் மேல் ஒரு தலை தெரிந்தது. தலையில் பால் வாளி. வேலாயி.

சவுக்கு மரத்தடியில் நிற்கப்போகிறாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிற்கவில்லை. ஏன் நிற்பாள்? அவள் காதில் எதுவும் விழவில்லை. துரை இன்று சுடவில்லை என்றுதான் அவள் கணக்கு. கையை வீசிக்கொண்டு நேரே நடந்தாள். துரையின் ஒரு கண் மூடியிருந்தது, மற்றக் கண்ணுக்குப் பலகைக்கு வெளியே உலகமே இல்லை. இரண்டாவது குண்டு பலகையின் மேல் விளிம்பைச் சீவிக்கொண்டு போய், அவள் பாதத்துக்கு ஒரு முழம் கீழே மண்ணைக் கிளப்பியது. கல் உருண்டது என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

துரை மூன்றாவதற்கு மூச்சை அடக்கினார். ஜமால்தீனுக்கு வாய் எழவில்லை. கைதான் எழுந்தது. பூப்போட்ட கோப்பை படிக்கல்லில் விழுந்து சுக்குநூறாகியது.

துரை தலையைத் திருப்பி முறைத்தார். குளிரில் கை நடுங்கிவிட்டது என்று ஜமால்தீன் மன்னிப்புக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் வேலாயி பாதையைக் கடந்து மறைந்துவிட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு நல்ல மனிதன், கோயிலுக்குப் போகும் பாதையில் துரையின் காருக்கு ஆட்கள் குறுக்கே வருகிறார்கள் என்று சொல்லிவைத்தான். மறுநாளே முள்ளுக்கம்பி போட்டுக் காவல்காரனையும் வைத்தார்கள். இன்றுவரை சனங்கள் சாமி கும்பிட மாட்டுவண்டி போகும் கரத்தை ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பாதையும் போனால் பஜாருக்கு மூன்று மைல். பொழுதெல்லாம் கொழுந்தெடுத்த காலோடு, இருமலுக்கு மருந்து வாங்கப் போகிறவனும் அந்த மூன்று மைலைத்தான் நடக்க வேண்டும். துரைக்கு ஒரு பிரச்சினையைச் சொன்னால் அவர் தீர்த்துவிடுவார். அதுதான் பயம்.

"இதையே எடுத்துக்கிறேன்" என்றார் துரை. "சரியான சாமான்."

வாழ்நாளில் முதல் முறையாக ஜமால்தீன் ஒரு வியாபாரத்தைக் கலைக்க உட்கார்ந்தார்.

சின்னதையும் ஒரு தரம் சுட்டுப் பார்த்தால்தானே பெரியதின் அருமை தெரியும் என்று தொடங்கினார். துரைக்கு அது நியாயமாகப் பட்டது. சின்னதை மாட்டினார். 'டப்'. தேயிலைப் பெட்டியின் மூடியை அறைந்த மாதிரி. மேட்டின் மேல் பஜாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மூன்று பேர் பஜார்ப் பக்கத்துச் சவுக்கு மரத்தடியில் சட்டென்று நின்றார்கள். ஒருவன் அரிசிச் சாக்கை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தான்.

துரை அவர்களை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"பாத்தியா? எப்பவும் அங்க நின்னு பாப்பாங்க. நல்லாச் சுட்டா எல்லாருக்கும் பாக்க ஆசை."

இத்தனை வருடமாக இவர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது ஜமால்தீனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. சிரிப்பை விழுங்கினார். பட்டுச்சேலை விற்கிறவனுக்கு வாடிக்கைக்காரி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் நேரம் எதுவோ, அதுதான் இது.

"தொர கோவிச்சுக்காட்டி ஒண்ணு சொல்றேங்க. பெரிசைப் போட்டுச் சுட்டீங்க, மேல போன பொம்பள திரும்பிக்கூடப் பாக்கல. சின்னதுல ஒண்ணு போட்டீங்க, பாருங்க, அரிசி மூட்டையை எறக்கி வச்சுட்டு நிக்கிறாங்க."

துரை மறுபடி கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்தார். மீதி நான்கையும் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் ஜமால்தீன் உள்ளுக்குள் எண்ணினார். மேலே அந்த மூன்று பேரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவது முடிந்து துரை எழுந்து பலகையை நோக்கி நடந்ததும், அரிசிக்காரன் சாக்கைத் தோளில் ஏற்றினான். மூவரும் வரிசையாகத் தாண்டினார்கள். துரை அவர்களைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினார்.

துரைசாணியைக் கேட்டார்கள். பக்கத்து அறையில் அலமாரிக் கதவு சாத்துகிற மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்றாள்.

"சின்னதே போதும்" என்றார் துரை. "ஆனா உனக்கு நட்டமாச்சே ஜமால்தீன்? நீ என்ன வியாபாரி?"

"தொரைக்கு எது பொருந்துதோ அதை விக்கிறதுதானுங்க வியாபாரம்" என்று சொல்லிவிட்டு, முப்பது ரூபாயை வாங்கிக்கொண்டு இறங்கினார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நடந்தார். பாதி வழி வந்த பிறகுதான், பெட்டிக்குள் இரண்டு தரம் சுடப்பட்டுவிட்ட எழுபத்திரண்டு ரூபாய்ச் சாமான் கிடப்பது கனத்தது.

கடையில் வேலாயி உட்கார்ந்திருந்தாள். பால் அடுப்படிக்குப் போயிருந்தது. அவள் கால் விரல்களுக்கிடையில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

புண்ணாக்கு விலை ஏறிவிட்டதாம். போத்தலுக்கு நாற்பது சதம் கட்டுபடியாகவில்லை, நாற்பத்திரண்டாக்க வேண்டும் என்று அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"சரி" என்றார்.

வேலாயி எழுந்து நின்றுவிட்டாள். "என்னங்க மொதலாளி, ஒடம்புக்கு முடியலையா?"

அவள் முகத்தில் சந்தேகம் ஏறுவதைக் கண்டு அவர் சுதாரித்துக்கொண்டார். தண்ணீருக்கும் சேர்த்தா நாற்பத்திரண்டு என்று கேட்டார். அவள் நிம்மதியாகச் சண்டைக்கு வந்தாள். நாற்பத்தொன்றில் முடிந்தது. போகும்போது, தொர சுடாத நாள் சீக்கிரம் வந்துடலாம், இன்னிக்கு மாதிரி, என்றாள். துப்பாக்கிக்குப் புதுசா ஒரு சாமான் போட்டிருக்கு, இனிமேல் சத்தம் குறைவா வரும், காதைத் தீட்டிக்கிட்டு வா, கேக்கலேன்னாலும் பாயில ஆள் படுத்திருக்கான்னு எட்டிப் பாத்துட்டுத் தாண்டு, லயத்துல எல்லாருக்கும் சொல்லிடு என்று அவர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து நாலரை மணியானால் அவர் கடை வாசலுக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் வெடிச் சத்தம் பஜார்வரை கேட்கும். இப்போது அந்த 'டப்' இங்கே எட்டுவதில்லை. பால் வாளி வளைவில் தெரியும்வரை ஆணியை நிறுப்பார், நிறுத்ததையே மறுபடி நிறுப்பார்.

மாதக் கடைசியில் இதற்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதினார். நீளச் சைலன்சர் எழுபத்திரண்டு ரூபாய். குட்டை இருபத்தைந்து. தபால் ஒரு ரூபாய் ஐம்பது. பங்களாவில் உடைத்ததற்குப் பதில் கோப்பை, மூன்று ரூபாய் இருபத்தைந்து. ஆகச் செலவு நூற்றொன்று எழுபத்தைந்து. துரையிடம் வரவு முப்பது. கையை விட்டது எழுபத்தொன்று எழுபத்தைந்து. அதற்கு எதிரே வரவுப் பத்தியில் வேலாயி என்று எழுதி, தொகை போடாமல் விட்டார்.