மச்சினன் வைத்த ரவுட்டர்

எழுந்தான். போர்வையை மடித்தான். படுக்கையில் ஒரு பாதிதான் கசங்கியிருந்தது. அதை மட்டும் நீவிவிட்டான். பல் தேய்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். காபியோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தான். காபி ஆறுவதற்குள் ஒரு துண்டு கேட்பான். பிறகு அலுவலகம். தினமும் இப்படித்தான்.

துண்டு என்றால் மனைவியின் குரல். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. திருத்தி முடித்த பாடங்கள் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் கேட்பது அவற்றை அல்ல. வாய் தவறி, வெட்டி எறிந்த பகுதிகளை.

"ஒளிச்சேர்க்கை... ஒளிச்சே... ஐயோ, இன்னொரு தடவ சொன்னா என் நாக்கே பச்சையாயிடும்."

"ஏங்க, அந்த மிக்ஸிய நிறுத்துங்க. இங்க ஒருத்தி போர்க்களத்துல நிக்கறா, ராஜா சாகப்போறாரு."

பாடங்களில் இருந்தவள் டீச்சர். துண்டுகளில் இருந்தவள்தான் அவன் பெண்டாட்டி. அவள் செத்தபோது அவன் அழவில்லை. அழுதவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

துண்டுகள் எல்லாம் ரவுட்டரின் பின்னால் செருகிய சின்ன டிஸ்க்கில் இருந்தன. அது மச்சினன் செய்த ஏற்பாடு. மனைவிக்குத் தம்பி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ரவுட்டரை மாட்டியவனும் அவன்தான், பாஸ்வேர்டு வைத்திருப்பவனும் அவன்தான். ஒருமுறை 'புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது' என்று திரையில் பார்த்துவிட்டு இவன் கேட்டான்.

"அதத் தொடாதீங்க மாமா. ரவுட்டருக்குள்ள ஓடற புரோகிராம் அது. நான் கடையில இருந்தே மாத்திடுவேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

வீட்டுப் பிள்ளை சொல்கிறான். விட்டுவிட்டான். வேறெங்கும் ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை.

அன்று காலை எந்தத் துண்டும் திறக்கவில்லை. கோப்புகளின் பெயர்களெல்லாம் தாறுமாறாக மாறியிருந்தன. நடுவே ஒரு குறிப்பு. முகம் தெரியாத எவனோ எல்லாவற்றையும் பூட்டிவிட்டானாம். திறக்கப் பணம் அனுப்ப வேண்டுமாம். காபி ஆறி, ஆடை கட்டியது. டிஸ்க்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான்.

மச்சினன் இன்னும் வரவில்லை. பில் போடும் அம்மா ஷட்டரைத் தூக்கிவிட்டு, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை அப்படியே போட்டார்.

"உங்க வீட்லயா? என்ன சார் சொல்றீங்க! போன மாசமே இதுக்குத்தான நாங்க நாய் மாதிரி அலைஞ்சோம். பல் டாக்டர் கிளினிக்ல மொதல்ல வந்துச்சு. பழைய ஃபர்ம்வேர்ல ஒரு ஓட்டையாம், அது வழியா பூந்துட்டானுங்க. ஒரு கஸ்டமர் விடாம வாசல் வாசலா ஏறி எறங்கி அப்டேட் போட்டோம். என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம். சொந்த வீட்டுக்கு மொதல்ல போட்டிருப்பாருன்னுல்ல நெனச்சேன்?"

அவன் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். "என்ன மாமா, காலங்காத்தால?" என்றவன் டிஸ்க்கைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அந்த அம்மா கண்ணாலேயே ஜாடை காட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

"திறக்க முடியுமா?"

"முடியாது மாமா. பணம் கட்டினாரு டாக்டரு. அப்பவும் தெறக்கல."

"ஆக உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கடையில இருந்தே மாத்திடுவேன்னு சொன்ன."

மச்சினன் ஹெல்மெட்டின் வாரை முறுக்கினான். "அப்டேட் போட்டா என் செட்டிங் எல்லாம் அழிஞ்சிரும், நேர்ல போய்த்தான் திரும்ப வைக்கணும். அப்புறம் நெட் வரல, நெட் வரலன்னு ஆளாளுக்குப் போன் பண்ணுவாங்க. அதான் எல்லா வீட்லயும் நிறுத்தி வச்சிருந்தேன். நான் வெளிய இருந்து உள்ள போற வழியையும் தெறந்தே வச்சிருந்தேன். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. தப்புதான்."

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சப்புறம்? ஊர்ல அத்தனை பேர் வீட்டுக்கும் போயிருக்க. என் வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?"

"வரலாம்னுதான் இருந்தேன். தள்ளிக்கிட்டே போயிடுச்சு."

"ஒரு போன் பண்ணி பிளக்கப் பிடுங்குங்கன்னு சொல்லியிருக்கலாமேடா. அரை நிமிஷ வேலை."

மச்சினன் தலையைத் தூக்கினான். மாட்டிக்கொண்டவனின் கோபம் முகத்தில் ஏறியது.

"கஸ்டமர் போனா கடை போயிடும் மாமா. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது போல. உதட்டைக் கடித்தான். இவனுக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஊரார் கூரைக்கெல்லாம் ஓடு மாற்றியவன், அக்கா வீடு ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டிருக்கிறான். கேட்க நாதியில்லாத வீடு என்று தெரிந்தே விட்டிருக்கிறான்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தான். மச்சினன் குறுக்கே வந்து நின்றான்.

"மாமா, இப்படிப் போகாதீங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிடுவாங்க. அக்கா கடைசியா என்ன சொன்னா? 'தம்பிய விட்டுடாதீங்க'ன்னு உங்ககிட்டத்தானே சொன்னா? அவ வார்த்தைக்காவது..."

அந்த வார்த்தை மாமியார் தானாகக் கற்பித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி அறைக்குள் அப்போது இவனைத் தவிர யாரும் இல்லை. பெற்றவள் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழட்டும் என்று இவனும் வாய் திறக்காமல் இருந்தான். மச்சினன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்கக்கா அப்படிச் சொல்லல."

"வேற என்ன சொன்னா?"

"நான் உனக்குப் போன் பண்ணப் போனேன். என் கையப் புடிச்சிட்டா."

"என்ன சொன்னா மாமா?"

"'தம்பியக் கூப்பிடாதீங்க. கடையில ஆள் நிப்பாங்க.'"