இடதெல்லாம் வலது

அந்த நாட்டில் குடியேறுகிறவர்கள் நூறு நாளைக்குள் தங்கள் பழைய ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் பின்சீட்டில் பதிவு செய்துவிடுவார்கள். பதிவானவர்கள் அதற்குப் பிறகு எங்கேயும் முன்னால் உட்கார முடியாது.

அங்கயற்கண்ணியின் கணவன் சுந்தரவேலு அவளுக்கு முன்பே வந்தவன். நூற்றியொன்றாவது நாள்தான் அலுவலகத்துக்குப் போனான். பதிவு செய்துவிட்டார்கள். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டுச் சாப்பிட்டான். குழம்பு வேண்டுமென்றால் அவள் தோளைத் தொடுவான். அவள் திரும்பாமல் கரண்டியைப் பின்னால் நீட்டுவாள்.

அவளுக்கு அன்றோடு நூறு நாள். அலுவலகம் மாலை நான்கு மணிக்கு மூடும்.

மதுரையில் அவள் பதினான்கு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். ஒரு கீறல் கிடையாது. இங்கேயும் ஒரு பள்ளியில் வேன் ஓட்டும் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். வேலை போனால்கூடப் பரவாயில்லை. வீட்டில் இரண்டு பேருமே பின்னால் என்றால் முன்னால் யார் இருப்பது? அதை நினைத்து மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலை ஒன்பதுக்கே போய்விட்டாள். சுந்தரவேலு இரண்டடி பின்னால் வந்தான். வாசலிலிருந்து கவுண்டர் வரை நீண்ட நடைவழி. அதில் மூன்று சிக்னல்கள் இருந்தன. மூன்றிலும் சிவப்பு. கடைசி சிக்னல் பச்சையானபோது மணி ஒன்றரை.

கவுண்டரில் இருந்தவர் பெயர் லோமன். நெட்டை ஆள். சோளக்கதிர் நாரின் நிறத்தில் தலைமுடி. விண்ணப்பதாரரிடம் அவரவர் ஊர்ப் பேச்சில்தான் பேச வேண்டும் என்பது அங்கே விதி.

"வாங்கக்கா. சாப்டாச்சா?" என்றார் லோமன்.

"ஆச்சு சார்." அவள் சாப்பிட்டிருக்கவில்லை. உரிமத்தை நீட்டினாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க ஊர்ல ரோட்டுக்கு இடது பக்கம் ஓட்டுவீங்க. இங்க வலது பக்கம். அதனால மாத்துறப்ப நீங்க திரும்புன இடதெல்லாம் வலதாயிரும். வலதெல்லாம் இடதாயிரும்."

"சரிங்க சார்."

"சரின்னு சொல்லிட்டீங்களா? அப்பச் சரி."

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு மதுரையின் வரைபடத்தை மேசையில் விரித்தார். அவள் கடைசியாக வேன் ஓட்டிய நாளை எடுத்துக்கொண்டார். ஆரப்பாளையத்திலிருந்து பென்சிலால் கோடு போட்டார். அவள் இடப்பக்கம் திரும்பிய இடத்தில் கோடு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் திரும்பிய இடத்தில் இடப்பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் கோடு வரைபடத்தை விட்டு இறங்கி மேசைமேல் ஓடியது. மேசை விளிம்பில் நின்றது.

"அன்னைக்கு எத்தனை பிள்ளைங்கக்கா வேன்ல?"

"பதினெட்டு."

"எங்க இறக்கிவிட்டீங்க?"

"ஸ்கூல்லதான் சார்."

"இல்லையே." பென்சில் நின்ற இடத்தைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கணக்குக்கு நீங்க அவுங்கள இங்கதான் இறக்கிவிட்டிருக்கீங்க. இந்த ஆபீஸ்ல. நாப்பதாம் ரூம்ல."

அங்கயற்கண்ணி கவுண்டரை நெருங்கினாள். "சார், சாயங்காலம் நான்தான் வீட்டுல விட்டேன். ஒவ்வொருத்தரையும் கையப் பிடிச்சு இறக்கிவிட்டேன்."

"காலையில ஸ்கூலுக்கே போகாத பிள்ளைய சாயங்காலம் எங்கிருந்துக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

அவள் பென்சில் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"அவுங்க அப்பா அம்மால்லாம் தேட மாட்டாங்களா?" என்றாள்.

"தேடுறாங்க," என்றார் லோமன்.

நாற்பதாம் அறைக்கு அவள் ஓடினாள். சுந்தரவேலுவும் பின்னால் ஓடினான். பிள்ளைகள் சுவரோரம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யூனிஃபார்ம் கசங்கவில்லை. ரிஃபாயா ரிப்பனைச் சப்பிக்கொண்டிருந்தாள். சோலையப்பன் ஒற்றை ஷூவோடு இருந்தான். ஜோவிட்டா மட்டும் எழுந்து நின்றாள்.

"எங்கக்கா போயிட்டீங்க? தண்ணி பாட்டில் காலியாயிருச்சு."

அங்கயற்கண்ணி மண்டியிட்டு அவள் தலையைத் தடவினாள். நூறு நாளுக்கும் மேலாக இந்தப் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்க, அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

லோமன் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். தொப்பி வைத்தால் அவர்தான் தேர்வாளர்.

"இவுங்கள வீட்டுல கொண்டுபோய் விடுங்கக்கா. அதான் டெஸ்ட். கடைசிப் பிள்ளை இறங்கினதும் பாஸ். நாலு மணிக்குள்ள முடிக்கணும். இப்ப ரெண்டே கால்."

வேன் நாற்பதாம் அறைக்குள்ளேயே நின்றது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. லோமன் பக்கத்தில் உட்கார்ந்தார். சுந்தரவேலு கடைசி சீட்டுக்குப் போனான். அங்கயற்கண்ணி கியர் போட இடது கையை நீட்டினாள். கதவுதான் அகப்பட்டது. லோமன் அதைக் குறித்துக்கொண்டார்.

சுவர் வழியாக வெளியே வந்தார்கள். தெருவெல்லாம் பனி. இருபுறமும் செங்கல் வீடுகள், ஒரே மாதிரி. பிள்ளைகள் பழக்கப்படி கத்தினார்கள்.

"அக்கா, லெஃப்ட்டு!"

அவள் வலப்பக்கம் திரும்பினாள். முதல் வீட்டு வாசலில் ரிஃபாயாவின் அம்மா நின்றிருந்தாள். நைட்டிமேல் துப்பட்டா. காலில் செருப்பு. செருப்பைச் சுற்றிப் பனி.

"என்னக்கா இம்புட்டு லேட்டு?" என்றாள்.

"மன்னிச்சிருங்க."

"போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணிருக்கலாம்."

அந்த அம்மா பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும்போது உள்ளே குக்கர் விசில் கேட்டது.

இரண்டாவது வீடு. ஐந்தாவது வீடு. எல்லா வாசலிலும் யாராவது நின்றார்கள். எல்லோரும் லேட்டு என்றார்கள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சோலையப்பனின் அப்பா மட்டும் மகனின் ஷூ இல்லாத காலைக் கையில் ஏந்தி வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று நிமிடம் போனது. அவரை அவசரப்படுத்த அவளுக்கு வாய் வரவில்லை.

பின்னால் சுந்தரவேலு எண்ணிக்கொண்டே வந்தான். இறங்க இறங்கச் சத்தமாகச் சொன்னான். ஜோவிட்டா இறங்கியதும், "பதினெட்டு," என்றான்.

மணி மூன்று நாற்பத்தெட்டு. அங்கயற்கண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கயலு," என்றான் சுந்தரவேலு. "இன்னும் ஒரு ஆள் இருக்கு."

கண்ணாடியில் பார்த்தாள். நடு சீட்டில் ஒரு பெண்குழந்தை. ஏழு வயதிருக்கும். ஊதா ஸ்வெட்டர். அவள் ஏற்றிய குழந்தை இல்லை.

"என்னங்க, அது யாரு?"

"பின்னால இருந்து பாத்தா சடைதான் தெரியுது."

லோமன் பட்டியலைப் பார்த்தார். "லிஸ்ட்ல பதினெட்டுதான்க்கா. இந்தப் பிள்ளை கணக்குல இல்ல. ஓரமா இறக்கிவிட்டுட்டா டெஸ்ட் முடிஞ்சது. ஆபீஸ் அந்தா, முக்குல இருக்கு."

இருந்தது. முனையில் அதே அலுவலகம். நாலைந்து நிமிட வழி.

"பாப்பா, உன் வீடு எங்கிட்டு?" என்று கேட்டாள்.

"நேரா போங்கக்கா. வந்தா சொல்றேன்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை.

"இறக்கி விடுங்கக்கா," என்றார் லோமன். குரலில் அக்கறை இருந்தது. "நூறு நாளு. யோசிச்சுக்கங்க."

சுந்தரவேலு பின்னால் இருமினான். ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"யார் பிள்ளையா இருந்தா என்ன சார்? என் வண்டியில இருக்கு. நடுரோட்டுல இறக்கிவிட மாட்டேன்."

லோமன் அதையும் குறித்துக்கொண்டார். வேன் அலுவலகத்தைத் தாண்டிப் போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தெரு நீண்டுகொண்டே போனது. எங்கோ மணி நான்கு முறை அடித்தது.

"நாலாயிருச்சு," என்றார் லோமன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இனி நீங்க பின்சீட்டுதான்க்கா."

"வண்டி ஓடிட்டிருக்கு சார்."

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஓடும் வண்டியில் ஓட்டுநரை மாற்றக் கூடாது என்று அதில் இருந்தது. "அப்ப நிக்கிற வரைக்கும் நீங்க ஓட்டலாம்," என்றார்.

அதனால் அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது கியரில் பைய ஓட்டினாள். சிக்னல்களெல்லாம் பச்சையாகவே இருந்தன. அது அவளுக்குப் பயமாக இருந்தது. பெட்ரோல் முள் பாதியில் நின்றது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பாப்பா தூங்கிவிட்டால், வீட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், முன்சீட்டில் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"தூங்கிராத பாப்பா," என்றாள்.

"தூங்கலக்கா. இந்தா, இந்த வீடுதான்."

பச்சைக் கதவு. வாசலில் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். அவளையும் அங்கயற்கண்ணி பார்த்ததில்லை.

இண்டிகேட்டர் போட்டாள். ஓரம் கட்டினாள். பிரேக்கை மிதித்தாள். வேன் நின்றது. இறங்கிப் போய்க் குழந்தையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். கை சூடாக இருந்தது.

அந்தப் பெண் லேட்டு என்று சொல்லவில்லை. "நாளைக்கும் இதே நேரமாக்கா?" என்று கேட்டாள்.

அங்கயற்கண்ணி தலையை ஆட்டிவிட்டு வேனுக்குத் திரும்பினாள். லோமன் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

சுந்தரவேலு நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். முன்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னே யாரும் இல்லை. லோமன் தன் இடத்தில் உட்கார்ந்து, காலியாக இருந்த சீட்டைப் பார்த்து, "போகலாம்," என்றார்.

வேன் கிளம்பியது.

"இண்டிகேட்டர் போடல," என்றாள் அங்கயற்கண்ணி.

"பின்சீட்டுல இருந்து சொல்லக் கூடாதுக்கா," என்றார் லோமன்.