தியாகராசாவின் சாவுக்கு இரண்டு பொருள்

யுத்தகாலத்தில் ஜப்பானியர் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போடவைத்த சயாம் ரயில் பாதையில் தியாகராசா இறந்து பல வருஷம் கழித்து, அந்தச் சாவுக்கு என்ன பொருள் என்று இரண்டு பேருக்குள் வழக்கு வந்தது.

ஒருவர் அவர் மனைவி மனோரஞ்சிதத்தின் அண்ணன் விஸ்வலிங்கம். சிங்கப்பூரில் காத்தோங் பகுதியில் தத்துவ வகுப்பு நடத்துபவர். சரித்திரம் என்பது இறைவன் உயிர்களைப் பக்குவப்படுத்தும் வழி, போரும் அதில் ஒரு படி என்பது அவர் கட்சி. மற்றவர் மருதப்பன். சயாமில் தியாகராசாவோடு ஒரே கொட்டகையில் கிடந்து உயிர் தப்பியவர். இப்போது துறைமுகத் தொழிற்சங்கப் பேச்சாளர். சரித்திரம் விடுதலையை நோக்கி நடக்கிறது, அங்கே மாண்டவர்கள் அதற்கு விதை என்று மேடைதோறும் சொல்லிவந்தார்.

1959இல் தேர்தல் முடிந்த கையோடு சிராங்கூன் ரோட்டில் ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் மனோரஞ்சிதமும் பேச வேண்டும் என்றார்கள். என்ன பேசுவது என்று இருவரும் தனித்தனியே வந்து சொன்னார்கள்.

மருதப்பன் வந்த அன்று, இத்தனை காலம் கேட்காததை அவள் கேட்டாள்.

"அவர் எப்படிச் செத்தவர்?"

மருதப்பன் காப்பியைக் கீழே வைத்தார். "வாந்திபேதி, டீச்சர். ரொம்பப் பயந்துட்டாரு. வீட்டுக்குப் போகணும்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடைசிவரைக்கும் என் கையை விடல."

"பிறகேன் விதை எண்டு சொல்லுறியள்?"

"சொல்லலேன்னா அது வெறும் சாவாப் போயிரும். அதை வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கிறது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. செய்தி வந்த நாளில் அண்ணனும் கடவுளை அப்படித்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் அவள் மேடைத் தமிழை விட்டுவிட்டுப் பேசினாள். "இதுக்கு என்ன பொருள் எண்டு எனக்குத் தெரியாது. ஜப்பான்காரர் அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை. பயந்து செத்தவர். ஒரு ஆள் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவர்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் பூவம்மா என்றொருத்தி எழுந்து, தன் புருஷன் கோவிந்தசாமியை அங்கே பார்த்ததுண்டா என்று மருதப்பனைக் கேட்டாள். அடுத்து இன்னொருத்தி தன் தம்பியைக் கேட்டாள். மருதப்பன் கீழே இறங்கி வந்து, நினைவிருந்தவர்களைப் பற்றியெல்லாம் சொன்னார். நினைவில்லாதவர்களை நினைவில்லை என்றார். நன்றியுரை நடக்கவேயில்லை.

விஸ்வலிங்கம் சில மாதம் தங்கை வீட்டுப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், வாதத்தோடுதான். மருதப்பனும் விதைப் பேச்சை விடவில்லை. தியாகராசாவின் பெயரை மட்டும் அதில் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.