வெளியே போன சூடு

செல்லியம்மாளின் காளவாயில் வெந்த சுண்ணாம்பை வாணியம்பாடித் தோல் தொழிற்சாலை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாம் முறையும் தேறாவிட்டால் இனி வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்க வேறு ஆள் இல்லை. காளவாயை அணைத்துவிட வேண்டியதுதான்.

அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "எங்க சுண்ணாம்புல குத்தம் இல்ல. மூட்டை கீழ எறங்குறதுக்குள்ள பனியக் குடிச்சி வழியிலயே செத்துப்பூடுது. காளவா கிட்டயே வந்து பாருங்க."

அதனால்தான், இரண்டு முறையும் அதைச் சோதித்துத் தள்ளிய தொழிற்சாலைக் கெமிஸ்ட் இக்பால் மார்கழிக் காலையில் ஜவ்வாது மலைக்கு ஏறி வந்தான். பி.எஸ்.சி. படித்தவன். மனைவி ஜோஹரா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழியெல்லாம் மூடுபனி. புளியமரங்கள் வேரில்லாமல் மிதந்தன. வேறு யாருடைய தூக்கத்துக்குள்ளோ நடந்துபோவது போல் இருந்தது அவனுக்கு. காளவாய்ப் புகை எங்கே முடிந்தது, பனி எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

கொட்டகையில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். செம்புப் பாத்திரத்தில் தண்ணீரை அளந்து ஊற்றினான். அதன் எடையில் கால் பங்கு சுண்ணாம்பு. தெர்மாமீட்டரில் நாற்பது டிகிரி ஏறினால் சரக்கு தேறும்.

செல்லியம்மாளின் புருஷன் ரங்கன் எட்டிப் பார்த்தான். "சுண்ணாம்புக்கே ஜொரம் பாக்குறாங்கடி. நமக்கு ஒருநாளாவது பாத்தாங்களா?"

"ஒனக்கு வர்றது சோம்பேறி ஜொரம். போய் வெறகு தள்ளு."

இக்பால் சுண்ணாம்பைப் போட்டான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அது உள்ளே மெல்லப் புரண்டது. ஒரு பெருமூச்சு. நீராவி எழுந்து பனியோடு சேர்ந்துகொண்டது. இடது கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கலக்கினான். பாதரசம் ஏறியது. நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினான். ஏறியது, நின்றது, இறங்கியது.

"முப்பத்து நாலு," என்றான். "தேறலீங்க."

செல்லியம்மாள் நோட்டைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

"கைய எடுங்க சாயபு. செவந்து கெடக்குது. சுடலயா?"

எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை சிவந்துதான் இருந்தது. சுட்டதாகத் தெரியவில்லை.

அவள் பாத்திரத்தைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று விரலை இழுத்தாள். "இன்னா இது, வெளிய இவ்ளோ சூடா கீது? இதும் எங்க சுண்ணாம்போட சூடுதானே?"

"ஆமாங்க."

"அப்ப இத எந்த நோட்டுல எழுதுவீங்க?"

அவன் பார்வை தன் பைக்குப் போனது.

பாத்திரத்துக்கு ஒரு கம்பளி உறை இருந்தது. ஜோஹரா தன் பழைய சால்வையை இரண்டாக மடித்துத் தைத்துக் கொடுத்தது. அவள் போன பிறகு அதன் மேல் சுண்ணாம்பு தெறிப்பதை அவன் விரும்பவில்லை. கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். போகிற இடமெல்லாம் அது கூடவே வந்தது. உறை இல்லாமலே சோதித்தான். சட்டென்று பொங்கும் சுண்ணாம்புகள் அப்படியும் தேறின. இந்த மலைக்கல் நிதானமாக எழும். எழுவதற்குள் சூட்டில் ஒரு பங்கு செம்பு வழியே கசிந்துவிடும். எட்டு மாதமாக அவன் அதை யோசிக்கவே இல்லை.

பையைத் திறந்தான். உறையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். பிறகு பாத்திரத்துக்கு மாட்டினான். மூன்று பித்தான்கள். மூன்றாவது எப்போதும் போல இறுக்கமாக இருந்தது.

மறுபடி தண்ணீர், மறுபடி சுண்ணாம்பு. அது புரண்டது, மூச்சு விட்டது. கம்பளி மேல் ஒரு வெள்ளைத் துளி தெறித்தது. அவன் துடைக்கவில்லை. பாதரசம் அவசரமில்லாமல் ஏறியது.

"நாப்பத்தொண்ணு."

ரங்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செல்லியம்மாள் கையமர்த்தினாள். இக்பால் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.

"அதான் தேறிப்போச்சே. இன்னும் இன்னா எழுதறீங்க?"

"முன்னாடி ரெண்டு தடவையும் தப்பு என்னோடதுன்னு."

"வேலைக்கு ஒண்ணும் ஆய்டாதே?"

"தெரியலீங்க."

கையெழுத்துப் போட்டான். உறையைக் கழற்றினான். அதன் உட்புறம் கதகதப்பாக இருந்தது. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். வெளியே பனி கொஞ்சம் விலகி, ஒரு புளியமரம் தரைக்கு இறங்கி நின்றது.

அப்போதுதான் இடது உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.

"கை எரியுதுங்க, செல்லியம்மா," என்றான். "கொஞ்சம் தண்ணி ஊத்தறீங்களா?"